மருத்துவ மாணவர்கள் கடற்கரை ஊர்களுக்கு வரட்டும், வீட்டில் ஆள் இருக்கும் நேரம் பார்த்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அது எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் உபயோகப்படும் என்று சொல்ல நிறைய இருக்கிறது. நான் இந்தக் கரையிலேயே கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மணலில் நடந்து நடந்து ஒவ்வொரு வீட்டு அடுப்படி வரைக்கும் தெரிந்தவள் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சமுதாய மருத்துவம் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் புதிய பாடம் இல்லை. பழைய டாக்டர்கள் இன்னும் பி.எஸ்.எம்., அதாவது தடுப்பு மற்றும் சமூக மருத்துவம் என்றுதான் சொல்வார்கள். தடித்த ஒரு புத்தகம், மியூசியம் என்று ஒரு அறை, அதில் கொசு மாதிரி, கழிப்பறை மாதிரி, தடுப்பூசிக் குப்பி, தேர்வில் அதில் ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் அதோடு முடிந்துவிடும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்பைக் கொண்டுவந்த பிறகு முதல் வருடத்திலேயே, உடற்கூறு படித்துக்கொண்டிருக்கும்போதே, ஆளுக்குச் சில குடும்பங்கள் என்று கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்திலும் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

வேன் பத்து, பத்தரைக்கு ஊருக்குள் வரும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். எந்தக் கல்லூரி வேன் என்று நான் சொல்ல வரவில்லை, எல்லோருக்கும் இதே நேரம்தான். அந்த நேரத்தில் ஒரு மீனவர் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யாராவது யோசித்தார்களா? பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஆக என்றைக்கு வந்தாலும் ஊரில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், மீதிப் பேர் ராத்திரி முழுக்க முழித்துவிட்டுக் கரையேறித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் மீனை ஏலம் எடுத்துக் கூடையோடு பஸ் ஏறியிருப்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம், பாம்பன், மண்டபம், ஏர்வாடி ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடிவதற்குள் தீவுப் பக்கம் போயிருப்பார்கள். வாலிநோக்கம் பக்கம் என்றால் உப்பளத்தில் இருப்பார்கள். வீட்டில் இருப்பது காது கேட்காத ஒரு பாட்டியும் மூக்கு ஒழுகும் ஒரு பேரப்பிள்ளையும். பாட்டியிடம் குடும்ப வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா என்று கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பிள்ளைகள் போய்விடும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்கு அவர்களை அனுப்பியவர்கள் மேல்தான் வருத்தம்.

பொது சுகாதாரம் என்றால் என்ன என்று இந்தக் கரையில் படிக்க வேண்டுமானால் தண்ணீரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். டெங்கு சமயத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு ஊர். மாணவன் ஒருவன், நல்ல பையன், அழகாகப் பேசுவான், ஒரு வீட்டு வாசலில் நின்று பாடம் மாதிரி சொன்னான். ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவை குடம், டிரம் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிக் காயவையுங்கள் அம்மா என்றான். சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. அந்த அம்மா அப்போதுதான் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. “கொட்டச் சொல்றீகளே தம்பி, கொட்டிட்டா நாளைக்கு எம்புள்ளைக்கு என்னத்தக் குடுக்க? நீங்க வந்து வண்டி தள்ளுவீகளா?” என்று கேட்டது. கோபமாகக்கூட கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டது. பையனுக்குப் பதில் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

பதில் அந்த அம்மாவிடமே இருந்தது. நீங்கள் எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன், செய்து காட்டியது. ஒரு குடத்துத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி இன்னொரு குடத்தில் ஊற்றிவிட்டு, காலியான குடத்தின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து, கைப்பிடித் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தது. ஒரு சொட்டு வீணாகவில்லை. அப்புறம் அடுத்த குடம். எல்லாம் முடிந்ததும் வாய்க்குத் துணியைக் கட்டி, பழைய சைக்கிள் டியூபில் வளையமாக வெட்டிய ரப்பரை மாட்டியது. அந்தத் தேய்ப்புதான் முக்கியம் தம்பி, முட்டை தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும், வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் பிரயோஜனம் இல்லை என்று சொன்னேன். அவன் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறான். ஆனால் படித்ததற்கும் அந்தக் குடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டில் அவன் பேசியதே வேறு மாதிரி இருந்தது. கொட்டுங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டான். சிமெண்ட் தொட்டி இருந்த வீட்டில் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வந்தார்களா, தொட்டியில் புழுவைத் தின்னும் கொசு மீன் விட்டிருக்கிறதா என்று பார்த்தான்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பையனுக்கு இவ்வளவு மாற்றம் வந்தது. ஆனால் அடுத்த தடவை வந்தது வேறு பேட்ச். அவன் தத்தெடுத்த குடும்பம் என்ன ஆனது, அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா என்று அவனுக்கும் தெரியாது, இவன் எங்கே போனான் என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது. ஒரே மாணவன் ஒரே குடும்பத்தை வருடக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பதுதானே திட்டமே? வேன் வசதி, விடுதி மாறுதல், தேர்வு அட்டவணை என்று ஏதேதோ காரணத்தில் அந்த உயிர்நாடிதான் முதலில் அறுந்து போகிறது.

தண்ணீரையே இன்னும் கொஞ்சம் பின்தொடரச் சொல்ல வேண்டும். குடிநீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது என்று கண்டுபிடிக்கும் ஹாராக்ஸ் கருவியைப் பற்றிக் கேட்டால் எல்லா மாணவரும் ஒப்பிப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து மிச்சக் குளோரின் 0.5 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பதும் மனப்பாடம். எங்கள் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்? தொட்டி ஆபரேட்டரோடு ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குப் போனால் தெரியும், காவிரி கூட்டுக் குடிநீர் எந்த நாள் வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது, கடைசித் தெருவுக்கு வரும்போது குளோரின் மிச்சம் இருக்கிறதா, வராத நாட்களில் சனங்கள் எந்த ஊற்றைத் தோண்டுகிறார்கள் என்று. ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர், இவர் குடிக்கிற தண்ணீரே உப்புத் தண்ணீராக இருக்கலாம், ராத்திரிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது கருவாடு என்பதை அறிந்து எழுதுவது வேறு, அறியாமல் எழுதுவது வேறு.

மலேரியாவும் அப்படித்தான். ராமேஸ்வரம் தீவும் இந்தக் கரையும் பல காலமாக மலேரியா இருந்த இடம். எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக் கொசுப் புழு எடுத்த காலம் எனக்குத் தெரியும். சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழிகளில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவில் ஒரு வகை, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் இன்னொரு வகை, அதுதான் ஸ்டீபன்சி. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கியது. அதே வருடம் டிசம்பரில் மன்னார் தீவில் ஸ்டீபன்சி கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு அந்தக் கொசுவை அங்கே யாரும் கண்டதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். எந்தப் பாதையில் போனது என்று நான் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு கரையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. இதைவிட நல்ல பாடம் ஒரு மருத்துவ மாணவனுக்கு எந்த வகுப்பில் கிடைக்கும்?

நோயாளி பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வைவாக்ஸ் என்கிற வகை மலேரியா வந்தால் குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். முதல் மாத்திரை காய்ச்சலைத் தணித்துவிடும், இரண்டாவதுதான் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை அழித்து மறுபடி வராமல் தடுக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் எங்கள் ஆள் படகு ஏறிவிடுவார். மங்களூர் பக்கமோ கேரளாவிலோ படகு வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை சட்டைப் பையில் நனைந்து போயிருக்கும். சில மாதம் கழித்து மறுபடி குளிர் காய்ச்சல். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது சுலபம். அவர் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகிறார், எங்கே தூங்குகிறார், மாத்திரையை யார் கையில் கொடுத்தால் 14 நாளும் உள்ளே போகும் என்று யோசிக்க வைப்பதுதான் சமுதாய மருத்துவம். நாங்கள் படகை ஓட்டும் ஸ்ராங்கு கையில் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். வேலை செய்தது.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும், பாறை விரலைக் கிழிக்கும். விரலுக்கு விரல் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். புண்ணோடு வந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்புவார்கள். மறுநாள் அதே ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு அதே பாறைக்குப் போவார்கள். ஒரு மாணவி, என்னோடு கொஞ்ச நாள் சுற்றிய பெண், அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அக்கா இதை ராத்திரி வெந்நீரில் போட்டுக் காயவைத்து இரண்டு செட்டாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த யோசனை மருந்துச் சீட்டில் வராது, துணியைத் தொட்டுப் பார்த்தவளுக்குத்தான் வரும்.

இரும்புச்சத்து மாத்திரையிலும் அதே கதை. தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையான பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாத்திரை கொடுக்காமலா இருக்கிறோம்? கொடுக்கிறோம். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினால் குமட்டும், வாந்தி வரும், அப்புறம் எவள் சாப்பிடுவாள்? டீயோடு சாப்பிட்டால் சத்தும் ஒழுங்காக உடம்பில் ஒட்டாது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டால், ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை என்பார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் நீர்க்கடுப்பும் வரும், சிறுநீரகமும் பாதிக்கும். அங்கே வைத்தியம் கழிப்பறை கட்டுவது. அதை யாரிடம், எந்த அலுவலகத்தில், எப்படி மனுவாக எழுதிக் கேட்பது என்று ஒரு வருங்கால டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தக் கரைக்குப் பொது சுகாதாரம் தெரியாத விஷயம் இல்லை. மண்டபம் கேம்ப் என்கிற ஊர்ப் பெயரே எங்கிருந்து வந்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன்பு அங்கேதான் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், அம்மை குத்தினார்கள், காலரா இருக்கிறதா என்று பார்த்தார்கள். இலங்கை அரசு நடத்திய முகாம் அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் ஆரம்ப காலத்தில் அங்கேதான் இயங்கியது, பின்னால் அதே மண்டபத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு முகாம். அந்தக் காலத்துச் சோதனை தோட்டத்தைக் காப்பாற்றுவதற்காக நடந்தது, போகிற கூலிக்காரரின் உடம்புக்காக நடந்தது என்று நான் நம்பவில்லை. யாருக்காகச் சுகாதாரம் என்கிற கேள்வியை ஒரு மாணவன் அந்த இடத்தில் நின்று கேட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும். அரை நாள் போதும், கல்லூரியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விட்டு வரலாம்.

மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்குக் கூட்டி வரும் தர்கா இருக்கிற ஏர்வாடிக்கும் கூட்டிப் போக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்துப் போனார்கள். அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க எப்படி அடிபட்டது என்று மறக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்றைக்கு தர்கா பக்கத்திலேயே அரசின் மனநல சிகிச்சை கிடைக்கிறது, பிரார்த்தனைக்கு வருகிறவர் பிரார்த்தனையையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம் என்கிற ஏற்பாடு. எவ்வளவு பெரிய விஷயம் அது! ஒரு குடும்பம் ஏன் ஆஸ்பத்திரியை விட்டு இங்கே கூட்டி வந்தது என்று கேட்கும் பொறுமை அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வர வேண்டும். மனநலப் பிரிவு வார்டில் மட்டும் அது வராது.

மருத்துவப் படிப்பில் பொது சுகாதாரத்துக்கு இடம் வேண்டும் என்று சொல்வது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை. 1946-இல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழுவின் அறிக்கையே மாணவர்களுக்குத் தடுப்பு மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. 1977-இல் மருத்துவக் கல்லூரிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஏற்று நடத்தும் திட்டம் வந்தது, நினைத்த அளவுக்கு நடக்கவில்லை. நம் மாநிலத்தில் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்டார்கள், பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை, தனி அதிகாரிகள் என்று வைத்திருப்பதில் மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட மாநிலத்தில் படிக்கும் பிள்ளைகள் சமுதாய மருத்துவத்தை கையெழுத்து வாங்கிக்கொண்டு மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த ஓய்வு நேரம் என்று நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. துணை சுகாதார நிலையத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கேள்வி பதில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தத் தேர்வில்தான் அவர்கள் வாழ்க்கை நிற்கிறது, இந்த வேலையை நன்றாகச் செய்தாலும் மோசமாகச் செய்தாலும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மா நகர் வரைக்கும் தமிழ்நாட்டிலேயே நீளமான கரை எங்கள் மாவட்டத்துக்கு. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, எத்தனையோ வருடக் கனவு அது. இந்தக் கரைக்கு வரும் மாணவர்களின் கிராமப் பயிற்சி நாட்காட்டியைக் கடலைப் பார்த்துப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் என்று ஆண்களைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது, மற்ற மாதங்களில் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் மாத்திரையோடு போனால்கூட ஆள் கடலில் இருப்பார். வெயில் காலம்தான், தேர்வு இருக்கும் என்பார்கள், ஒரு பத்து நாளை ஒதுக்க முடியாதா? மற்ற மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரட்டும், எங்கள் பள்ளிவாசல் ஊர்களில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரட்டும். பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் அனுப்பப் பயமாக இருக்கிறது என்றால் ஊர்த் தலைவர், மகளிர் குழு, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, மதிப்பெண்ணில் எங்கள் ஆட்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். கிராம சுகாதார செவிலியரும் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் இந்த மாணவன் எத்தனை வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனான், என்ன கவனித்தான் என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பேராசிரியர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் என்ன டாக்டருக்கு மார்க் போடுவது என்று சிலருக்குக் கசக்கும். ஊரில் எந்தத் தெருவில் எத்தனை கர்ப்பிணி, யாருக்குப் போன பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகம் என்று ரெஜிஸ்டரைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியாத டாக்டர் நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன செய்வார்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு வலை பின்னும் வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு போடும் காலம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை முன்னால் நடக்க விடுங்கள், மற்றவர்கள் பின்னால் போய்க் கற்றுக்கொள்ளட்டும். நகரத்துப் பள்ளியில் படித்து வந்தவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் அவர்கள்தான் வாத்தியார்.

கடைசியாக ஒன்று. மாணவர்கள் எழுதும் குடும்ப ஏடு இப்போது கல்லூரிக்குப் போய் அலமாரியில் ஏறிவிடுகிறது. அதன் ஒரு பிரதி துணை சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும், அடுத்த பேட்ச் பிள்ளை அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அப்போதுதான் அந்தப் பாட்டியிடம் நாலாவது தடவையாக வீட்டில் கழிப்பறை உண்டா என்று கேட்க மாட்டார்கள், போன தடவை இருமல் என்று சொன்னீர்களே பாட்டி, சளிப் பரிசோதனைக்குப் போனீர்களா, என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் ஒரு கார்பன் தாளும் போதும், வருகிற தடைக்காலத்திலேயே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ராமநாதபுரம் மாவட்டம்.